ஊர் நிலத்தில் கழிவுநீர்க் கசடு இறங்குகிறதா? சிங்கப்பூரில் இருந்தபடி கண்காணிக்க ஒரு வழிகாட்டி

ஈசூனில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "டவுன் சாக்கடை பிளான்ட்ல இருந்து உரம் தர்றாங்கம்மா. லாரி வாடகைகூட நாம தர வேண்டாம். மூணு லோடு இறக்கியாச்சு" என்றார். இலவசமாக உரம் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் கூட்டுப் பட்டா. கடலையும் நெல்லும் போடுவோம், வீட்டுக்குக் கொஞ்சம் கீரை. அதில்தான் இறங்கியிருந்தது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே கழிவுநீர்க் கசடை, அதாவது சாக்கடை நீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேற்றை, நீர் வடித்து எரித்துவிடுகிறார்கள், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அதனால் யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. மண்ணை எப்படி எடுப்பது, எங்கே அனுப்புவது, வந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்துதான் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அழைப்பு வந்திருந்தால் இது உங்களுக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியாகச் சுத்திகரித்த கசடு விஷம் இல்லை. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), கரிமம் எல்லாம் உண்டு. எங்கள் செம்மண்ணுக்கு அது நல்லதுதான். ஆனால் ஊர்ச் சாக்கடையில் போகும் எல்லாமே அதில் படியும், உலோகங்களும் சேர்த்து. உலோகம் மண்ணில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே வேண்டும், வேண்டாம் என்று சண்டை போடுவதற்குப் பதில் அளந்து பாருங்கள்.

1. முதல் லாரிக்கு முந்தைய மண்ணை எடுத்து வையுங்கள்

பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காதது இது ஒன்றுதான். கசடு இறங்கும் முன் நிலத்தில் எவ்வளவு காட்மியம், ஈயம், துத்தநாகம் இருந்தது என்று தெரியாவிட்டால், ஐந்து வருடம் கழித்து வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செம்மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயற்கையிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அது மண்ணில் ஏற்கெனவே இருந்ததா, லாரியில் வந்ததா என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. உங்களுக்கும் போயிருந்தால் ஒரு மாற்று உண்டு. அதே மண், அதே சரிவு, அதே பயிர் வரலாறு உள்ள, கசடு படாத ஒரு துண்டைத் தேடுங்கள். எங்களுக்கு மேட்டு வயலில் பத்து சென்ட் மிஞ்சியிருந்தது. அதை "ஒப்பீட்டுத் துண்டு" என்று குறித்து, இனி எந்நாளும் அங்கே கசடு போடக் கூடாது என்று அண்ணனிடம் வாக்கு வாங்கினேன். தொடக்க மண் கையில் இருந்தாலும்கூட இப்படி ஒரு துண்டை ஒதுக்கி வைப்பது நல்லது.

எடுத்த மண்ணை எல்லாம் ஆய்வகத்துக்கே அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதிரியிலும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் போட்டு வீட்டில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தேதியும் துண்டின் பெயரும். பின்னாளில் சந்தேகம் வந்தால் பழைய மண்ணையும் புது மண்ணையும் ஒரே நாளில் ஒரே கருவியில் சோதிக்கலாம். செலவே இல்லாத காப்பீடு அது.

2. காகிதங்களைச் சேருங்கள்

பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழக அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் சிங்கப்பூரில் இருந்தே பார்க்கலாம். புல வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நிலத்தை அ, ஆ, இ என்று துண்டாக்கி, கசடு எங்கே விழுந்தது, கிணறு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறியுங்கள். இனி எல்லாச் சீட்டிலும் எல்லா பாட்டிலிலும் இந்தப் பெயர்கள்தான் இருக்க வேண்டும். "பெரிய வயல்", "கிணத்து மேட்டு வயல்" என்றெல்லாம் எழுதினால் அடுத்த வருடம் குழப்பம் வரும். எங்களுக்கு வந்தது.

கூட்டுப் பட்டா என்றால், கசடு வாங்குவதற்கு எல்லாப் பங்குதாரர்களின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். நாளை பங்கு பிரிக்கும்போது "யாரைக் கேட்டுக் கொட்டினீர்கள்?" என்ற பேச்சு வராது.

பவர் பத்திரம் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். மண் எடுக்கவும் ஆய்வகத்தில் கொடுக்கவும் பவர் தேவையில்லை. உங்கள் கையெழுத்துடன் ஓர் ஒப்புதல் கடிதம் போதும். கசடு தரும் நிறுவனத்துடன் உங்கள் சார்பில் யாராவது ஒப்பந்தம் போட வேண்டியிருந்தால் மட்டும், அந்த ஒரு வேலைக்கான தனி அதிகாரப் பத்திரம் கொடுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். ஒரு மண் சோதனைக்காக நிலத்தை விற்கும் உரிமையைக் கைமாற்றிவிட்டு வருந்துவதில் பயனில்லை.

பத்திரத்தை இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவில் அப்போஸ்டில் (வெளிநாட்டிலும் பத்திரம் செல்லும் என்பதற்கான சான்று) வாங்கலாம். சிங்கப்பூரில் அப்போஸ்டில் முறை 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குவது இன்னொரு வழி. எப்படி வாங்கினாலும், பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபாலில் அனுப்பிவிட்டு மறந்துவிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

3. பிளான்டிடம் கேட்டு வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் விடாமல் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

- கசடின் உலோகப் பரிசோதனை அறிக்கை. எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில் எடுத்தது என்பதோடு.
- திடப்பொருள் எத்தனை சதவீதம்.
- என்ன சுத்திகரிப்பு: காற்றில்லாச் செரிப்பானா, வெயில் படுக்கையா, சுண்ணாம்பா, எத்தனை நாள்.
- மலக்கிருமி எண்ணிக்கையும் புழு முட்டை எண்ணிக்கையும்.
- அந்தச் சாக்கடையில் தொழிற்சாலைக் கழிவு சேருகிறதா.

கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் நிலையம் வேறு. முலாம் பூசும் பட்டறையோ தோல் பதனிடும் இடமோ அதே குழாயில் சேரும் நிலையம் வேறு. முன்னதில் பெரும்பாலும் துத்தநாகமும் செம்பும்தான் முன்னால் நிற்கும். பின்னதில் குரோமியம், நிக்கல், காட்மியம் என்று வரும்.

செப்டிக் டேங்க் வண்டிக்காரர் நேராக வயலில் திறந்துவிடுவதை இந்தக் கட்டுரையோடு சேர்க்காதீர்கள். அது சுத்திகரிக்காத மலக்கசடு. அதைக் கண்காணிக்க எதுவும் இல்லை, மறுத்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் அதை எதோடு ஒப்பிடுவது? இந்தியாவில் கைக்கு எட்டும் அளவுகோல் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்குச் சொன்ன வரம்பு. கிலோவுக்கு மில்லிகிராமில்: ஆர்செனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, செம்பு 300, பாதரசம் 0.15, நிக்கல் 50, ஈயம் 100, துத்தநாகம் 1000. அமெரிக்காவின் 1993 ஆம் ஆண்டு விதியில் நல்ல தரக் கசடுக்கே காட்மியம் 39, ஈயம் 300, துத்தநாகம் 2800 வரை விடுகிறார்கள். எங்களுக்கு வந்த தாளில் "வரம்புக்குள்" என்று ஒரு முத்திரை மட்டும் இருந்தது, எந்த வரம்பு என்று இல்லை. கேட்டபோதுதான் அமெரிக்க வரம்பு என்று தெரிந்தது. நம் அளவுகோலில் துத்தநாகம் தாண்டியிருந்தது.

இன்னொரு குழப்பம், கசடுக்கான வரம்பை மண்ணுக்கு வைத்துப் பார்ப்பது. இரண்டும் வேறு. மண்ணுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 ஆணை தரும் வரம்பு: காட்மியம் 1 முதல் 3, செம்பு 50 முதல் 140, நிக்கல் 30 முதல் 75, ஈயம் 50 முதல் 300, துத்தநாகம் 150 முதல் 300, பாதரசம் 1 முதல் 1.5. கசடு போட்ட நிலத்தின் அறிக்கையை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

4. வண்டிக் கணக்குப் புத்தகம்

எனக்கு நேரம் குறைவு, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். ஒரு லாரியில் 10 டன் கசடு வருகிறது. ஆனால் பிழிந்த கசடில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 சதவீதம் திடப்பொருள் என்றால் உலர் எடை 2 டன்தான். ஏக்கருக்கு மூன்று லாரி, ஆக 6 உலர் டன். அதில் துத்தநாகம் கிலோவுக்கு 1200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7.2 கிலோ. 900 டன் மண்ணில் அது கலந்தால் கிலோவுக்கு 8 மில்லிகிராம் கூடும். காட்மியம் கிலோவுக்கு 4 என்றால் மொத்தம் 24 கிராம். மண்ணில் கூடுவது கிலோவுக்கு 0.03 மில்லிகிராம்கூட இல்லை.

அந்த 0.03ஐ ஒரு வருட மண் சோதனையில் பிடிக்கவே முடியாது. ஒரே மூட்டை மண்ணை இரண்டு தடவை கொடுத்தாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். "மண் நல்லாத்தான் இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சு" என்று வருடா வருடம் திருப்தி அடைந்துகொண்டே இருப்போம், உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். வண்டியில் எவ்வளவு வந்தது என்ற கணக்கு மட்டும்தான் அதை முன்கூட்டியே காட்டும்.

அதனால் ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடைச் சீட்டு வாங்குங்கள். தேதி, எடை, எந்தத் துண்டில் இறங்கியது, அந்தத் தவணைக் கசடின் பரிசோதனை அறிக்கை எண், இவ்வளவும் ஒரு நோட்டில் ஒரே வரியில். அண்ணன் அந்த நோட்டைப் பம்ப்செட் அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார், நான் கணினியில் ஏற்றுவேன்.

உலர் எடை, ஈர எடை இரண்டையும் குழப்பாதீர்கள். அறிக்கையில் உலோகம் உலர் எடைக்குத்தான் இருக்கும், சீட்டில் இருப்பது ஈர எடை. நான் முதலில் ஈர எடையோடு பெருக்கிவிட்டு, ஐந்து மடங்கு அதிக எண்ணைப் பார்த்து ஒரு இரவு தூங்கவில்லை. தலைகீழாகவும் நடக்கலாம். சில ஆய்வகங்கள் ஈர எடைக்கே எண் கொடுத்துவிடும். அப்போது கசடு உண்மையைவிடச் சுத்தமாகத் தெரியும். அறிக்கையில் எந்த எடை என்று எழுதாவிட்டால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

இதே நோட்டு யூரியாவைக் குறைக்கவும் உதவும். 6 உலர் டன்னில் தழைச்சத்து 3 சதவீதம் என்றால் 180 கிலோ. காற்றில்லாமல் செரித்த கசடில் கரிம வடிவில் உள்ள தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் முதல் வருடம் பயிருக்குக் கிடைக்கும், மீதி அடுத்தடுத்த வருடங்களில். அம்மோனியாவாக இருக்கும் பகுதி உடனே கிடைக்கும். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து பரிந்துரை. கசடும் போட்டு, வழக்கம்போல முழு யூரியாவும் போட்டால் மிச்சம் எங்கே போகும்? கிணற்றுக்குத்தான்.

5. மண் மாதிரி எடுப்பது

எல்லோரும் அவசரமாகக் கடப்பது இதைத்தான். நானும் முதல் வருடம் இதில்தான் காசைத் தொலைத்தேன்.

நேரம்: அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கும் உரத்துக்கும் முன். வருடா வருடம் அதே மாதத்தில். தீபாவளி விடுப்பில் ஊருக்குப் போகும்போது எடுத்துவிடலாம் என்று நினைப்போம், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், வயல் சேறாக இருக்கும். நான் ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மானாவாரிக் கடலை விதைப்பதற்கு முன், மண் காய்ந்து கையில் உதிரும். திருச்சிக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரம்தான். வெள்ளி இரவு கிளம்பினால் சனிக்கிழமை காலை வயலில் நிற்கலாம்.

எத்தனை இடம்: ஒரு துண்டுக்கு 15 முதல் 25 இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலந்தால் ஒரு மாதிரி. ஐரோப்பிய ஆணை 25 என்கிறது. வயலில் வளைந்து வளைந்து நடந்து எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், லாரி நின்று கொட்டிய இடம் இவற்றை விட்டுவிடுங்கள். லாரி கொட்டிய இடத்தில் சந்தேகம் இருந்தால் தனி மாதிரியாக எடுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். ஆழம் 15 சென்டிமீட்டர், எப்போதும் அதே ஆழம். ஒரு வருடம் 10, ஒரு வருடம் 20 என்று எடுத்தால் எண்கள் ஏறி இறங்கும், காரணம் புரியாது.

பாத்திரம்: முதல் வருடம் அண்ணன் மண்வெட்டியால் வெட்டி, வீட்டில் இருந்த துத்தநாக முலாம் பூசிய பக்கெட்டில் போட்டுக் கலக்கினார். வாளியின் அடி முழுக்கக் கீறல், உள்ளே வெள்ளையாகப் பொருக்கு. படத்தில் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அறிக்கையில் ஒப்பீட்டுத் துண்டு உட்பட எல்லா மாதிரியிலும் துத்தநாகம் எகிறியிருந்தது. கசடே படாத மண்ணில் எப்படி என்று யோசித்தபோதுதான் பக்கெட் நினைவுக்கு வந்தது. ஐந்து மாதிரியின் பணமும் ஒரு வருடமும் போயின. ஆகவே பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் கரண்டி. மண்வெட்டியால் "வி" வடிவக் குழி வெட்டுங்கள். இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் வழித்து எடுங்கள். உரச் சாக்கில் மட்டும் போடவே கூடாது. பாஸ்பேட் உரத்திலேயே சிறிதளவு காட்மியம் உண்டு.

கலந்த மண்ணைச் சுத்தமான பாலிதீன் விரிப்பில் வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். ஒரு கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, பாதியை ஆய்வகத்துக்கும் பாதியை பாட்டிலுக்கும் பிரியுங்கள். காய வைப்பது நிழலில், வெயிலில் இல்லை. சீட்டைப் பென்சிலில் எழுதி, இரட்டை உறையின் நடுவில் வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

நீங்கள் நேரில் போகாமல் ஊரில் எடுக்கச் சொல்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு துண்டிலும் இடக்குறியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடமும் நேரமும் உதிர்ந்துவிடும். "ஆவணம்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் அவை படத்தோடு வரும்.

மண்ணைப் பெட்டியில் போட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்து இங்கே சோதிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மண் கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அலைச்சலுக்குத் தேவையே இல்லை, ஊரிலேயே நல்ல ஆய்வகங்கள் இருக்கின்றன.

6. ஆய்வகம், கட்டணம், காலம்

"மண் வள அட்டை இருக்கே" என்பார்கள். அது 2015இல் வந்த நல்ல திட்டம், ஆனால் பார்ப்பது 12 அளவுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச். (மண்ணின் அமில, கார நிலை), உப்பு நிலை, கரிமம். காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் அதில் கிடையாது. துத்தநாகம் இருக்கிறதே என்றால், அது பயிருக்குக் கிடைக்கும் பங்கு மட்டும், மொத்தம் இல்லை. மொத்தத்துக்கு மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். ஐரோப்பிய வரம்பு மொத்தத்துக்கு உரியது. மண் வள அட்டையின் 2.1ஐப் பார்த்து "வரம்பு 150, நமக்கு ரெண்டுதான்" என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார். அதற்காக அந்த அட்டையை ஒதுக்கவும் வேண்டாம். பி.எச்.சும் கரிமமும் அதில் சல்லிசாகக் கிடைக்கின்றன.

உலோகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போங்கள். அங்கீகார முத்திரை மட்டும் போதாது. அதன் எல்லைப் பட்டியலில் "மண்" என்பதன் கீழ் உங்களுக்கு வேண்டிய உலோகம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு மண்ணையும் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முறையில் கரைக்கிறீர்கள்? காட்மியத்தில் எவ்வளவு குறைவானதை உங்கள் கருவி பிடிக்கும்? உலர் எடைக்கா தருகிறீர்கள்? நாங்கள் முதலில் போன இடத்தில் காட்மியத்துக்கு "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்த அளவு எது என்று கேட்டால், 5. வரம்பே 1 முதல் 3 வரைதான், 5க்குக் கீழே தெரியாத கருவியால் என்ன பயன்?

இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஆய்வகம் காலை 10 மணிக்குத் திறந்தால் இங்கே 12.30, மதியச் சாப்பாட்டு வேளையில் பேசிவிடலாம்.

கட்டணம் உலோகத்துக்கு இவ்வளவு, மாதிரிக்கு இவ்வளவு என்று பெருகும், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எனக்கு ஏழு உலோகத்துக்கு ஒரு மாதிரிக்கு 3,200 ரூபாய் ஆனது. மூன்று துண்டு, ஒரு ஒப்பீட்டுத் துண்டு, ஒரு மறைமாதிரி என ஐந்து மாதிரி 16,000, வரியோடு 18,880 ரூபாய். அன்றைய மாற்று விலையில் 300 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அறிக்கைக்கு மூன்று வாரம் பிடித்தது. மறைமாதிரி என்பது ஒரே மண்ணை வேறு பெயரில் இன்னொரு உறையில் கொடுப்பது. இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால் ஆய்வகத்தை நம்பலாம். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் வருடத்தைக் குறையுங்கள், இடங்களைக் குறைக்காதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி முழு உலோகச் சோதனை தொடக்கத்தில் ஒரு தடவை, பிறகு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும். பி.எச். மட்டும் வருடா வருடம்.

பணம் அனுப்ப, 2023 பிப்ரவரியில் வந்த பேநவ், யு.பி.ஐ. இணைப்பு தனிநபர்களுக்கு இடையே எளிது. நான் அண்ணனுக்கு அனுப்பி அவர் ஆய்வகத்தில் கட்டினார். ரசீதும் அறிக்கையும் நிலத்தின் புல எண்ணோடு வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

7. கிணற்றுத் தண்ணீர்

கசடு போட்ட நிலத்தில் முதலில் மாறுவது பெரும்பாலும் கிணறுதான், உலோகத்தால் அல்ல, நைட்ரேட்டால். இந்தியக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. சில அறிக்கைகளில் "நைட்ரேட்" என்று இல்லாமல் "நைட்ரேட்-நைட்ரஜன்" என்று இருக்கும். அதை 4.43ஆல் பெருக்கிய பிறகுதான் 45ஓடு ஒப்பிட வேண்டும். 12 என்று பார்த்து நிம்மதி அடைந்தால், உண்மையில் அது 53.

மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை எடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். கழுவிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தது செல்லாது.

8. எதை, எப்போது விதைப்பது

கசடில் வரும் உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் முழுதாகக் கிருமி நீக்காத கசடுக்கு அமெரிக்க விதி காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறது. மண்ணைத் தொடும் கீரை, காய்க்கு 14 மாதம். மண்ணுக்குள் விளைவதற்குக் குறைந்தது 20 மாதம், கசடை நாலு மாதத்துக்குள் உழுது புதைத்துவிட்டால் 38 மாதம். மண்ணைத் தொடாத தானியத்துக்கு 30 நாள். மாடு மேய்க்கவும் 30 நாள்.

கடலை மண்ணுக்குள் விளைகிறது. இதை அண்ணனிடம் சொன்னபோது நீண்ட நேரம் பேசவே இல்லை. ஜூனில் கடலை போட விதை வாங்கி வைத்திருந்தார். அந்த வருடம் அந்தத் துண்டில் சோளம் போட்டோம். கீரைப் பாத்தியை மேட்டு வயலுக்கு மாற்றினோம்.

கடலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, துத்தநாகம் கூடினால் மற்றப் பயிர்களைவிடச் சீக்கிரம் வாடுவது அதுதான். மண் புளித்திருந்தால் இன்னும் மோசம். பி.எச். 6.5க்குக் கீழே போனால் சுண்ணாம்பு இடுங்கள். கடலைக்கு வழக்கமாகப் போடும் ஜிப்சம் கால்சியம் தரும், ஆனால் பி.எச்.சை ஏற்றாது. இரண்டும் ஒன்று என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அதே சமயம் பி.எச். ரொம்ப ஏறினால் மாலிப்டினம் தீவனத்தில் கூடி மாட்டுக்குச் செம்புச்சத்து குறையும். ஆகவே சுண்ணாம்பைச் சோதித்து இடுங்கள், கை போன போக்கில் வேண்டாம்.

நெல்லில், கதிர் வரும் காலத்தில் வயலைக் காயவிட்டால் காட்மியம் மணிக்கு அதிகம் ஏறும், தண்ணீர் நின்றால் குறையும். தண்ணீரே நின்றுகொண்டிருந்தால் ஆர்செனிக் ஏறும். உங்கள் கசடு அறிக்கையில் எது கூடுதலோ அதைப் பார்த்துத் தண்ணீர் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அரிசியையே சோதிக்கலாம். தீட்டிய அரிசிக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம்.

9. எண் கூடி வந்தால்

முதலில் பதறாமல் பரணில் இருக்கும் பாட்டிலை எடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து மறு சோதனைக்கு அனுப்புங்கள். இரண்டாவது தடவையும் கூடியிருந்தால் வண்டிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நோட்டுப்படி 8 கூடியிருக்க வேண்டிய இடத்தில் 60 கூடியிருக்கிறது என்றால், நோட்டில் வராத லாரி வந்திருக்கிறது, அல்லது அந்தத் தவணைக் கசடு அறிக்கையில் சொன்னது இல்லை. பிளான்டுக்கு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டு எண்ணையும் வையுங்கள், எடைமேடைச் சீட்டின் நகலோடு. நாங்கள் "கசடு சரியில்லை" என்று எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. எண்களோடு எழுதிய இரண்டாவதற்குப் பத்து நாளில் ஆள் வந்து, அவர்கள் பக்கத்து மாதிரியையும் எடுத்துப் போனார்.

பதில் வரும்வரை புது லாரியை இறக்க விடாதீர்கள். வரப்பில் ஒரு கயிறு கட்டி, ஓட்டுநரிடம் காட்ட ஒரு தாளை நோட்டிலேயே செருகி வைத்திருக்கிறோம்: "இந்தத் துண்டில் இறக்க அனுமதி இல்லை", கீழே புல எண், பட்டாதாரர்கள் நாலு பேரின் கையெழுத்து. அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் லாரி வந்தால் அண்ணி அந்தத் தாளைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்.